பட்டறைக்குப் போன தாய்ப்பால்

அந்தியூருக்குத்தானுங்களாண்ணா டிக்கெட்டு வாங்குனீங்க? நானும் அங்கதானுங்க. பவானி தாண்டிட்டா கூட்டம் கொறைஞ்சிரும், அதுவரைக்கும் இந்தப் பையை உங்க காலுக்கிட்ட வெச்சுக்கறனுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. உள்ள பாப்பாவுக்குக் கவுனு, பால் பவுடர் டப்பா, எங்க ஊட்டுக்காரிக்கு ஒரு சேலை. அரக்குக் கலரு. அவளுக்குப் புடிச்ச கலருங்க அது. மாமனார் ஊட்டுக்குப் போயிட்டிருக்கறேன். அவளையும் புள்ளையையும் கூட்டிட்டு வரோணும். ஆவணி பாதியில போனவ, புரட்டாசி பொறந்தாச்சு, இன்னும் வரலைங்க. போன தடவை நான் போனப்போ வாசல்லயே சேரைப் போட்டு உக்கார வெச்சு, ஒரு காப்பியைக் குடுத்து அனுப்பிட்டாங்க. மாப்பிள்ளையைங்க! உள்ள வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலை. இன்னிக்கு நான் அப்படி விடறதா இல்லை.

சண்டையா என்னன்னு பாக்கறீங்க. சண்டையெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நான் குடிக்கறவனில்லை. பொம்பளை மேல கை ஓங்குனதில்லை. பேரு வேணும்னா கேட்டுப் பாருங்க, செங்கோட்டுவேலுன்னா திருச்செங்கோட்டுல இருந்து சங்ககிரி வரைக்கும் லாரிக்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். நான் ஒரு நல்லது பண்ணுனனுங்க, அது பொல்லாப்பா முடிஞ்சுது. அவ்வளவுதான் விசயம். செஞ்ச நல்லதை ஒருத்தரும் பேசமாட்டேங்கறாங்க, அதுதான் எனக்கு வயிறு எரியுது.

நம்மளுக்கு லாரி பாடி கட்டற பட்டறைங்க. கம்பெனியில இருந்து வண்டி வெறும் எலும்பாத்தான் வரும், சக்கரமும் இஞ்சினும் ஒரு ஸ்டியரிங்கும். டிரைவரு ஹெல்மெட்டைப் போட்டுட்டு மொட்டை வண்டியை ஓட்டிட்டு வருவான், பாத்திருப்பீங்க. அதுக்குக் கேபினு, பின்னாடி தொட்டி எல்லாம் நாங்க கட்டோணும். எல்லாமே இரும்பு, எல்லாமே வெல்டிங்கு. பொழுதுக்கும் பத்த வெச்சுக்கிட்டேதான் இருக்கோணும்.

எங்க ஊட்டுக்காரி தமயந்திக்கு நேர் தம்பி ஒருத்தன், லோகநாதன். நான் லோகுன்னுதான் கூப்புடுவேன். ஐடிஐயில வெல்டிங் படிச்சுட்டு ஊட்டுல சும்மா இருந்தானுங்க. மாமனார் வந்து, மாப்ளே, இவனுக்கு ஒரு வழி பண்ணுங்கன்னாரு. அதுக்கென்ன மாமா, நம்ம பட்டறை இருக்குதுன்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். என் ஊட்டு மாடியில தங்க வெச்சேன். மூணு வேளையும் அவங்கக்கா கையால சோறு. எந்த மச்சான் பண்ணுவான் சொல்லுங்க?

மொத நாள் பட்டறைக்கு வந்தான் பாருங்க, கால்ல பூட்ஸு, கையில முழங்கை வரைக்கும் தோலு உறை, தலையில மூஞ்சி மறைக்கற மூடி, சட்டைப் பையில கசடு தட்டறதுக்குன்னு தனியா ஒரு வெள்ளைக் கண்ணாடி. ஐடிஐயில அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கறாங்க. மூடி இல்லாம வெல்டிங் ராடைத் தொடாதே, ஈரத் தரையில நிக்காதே, செருப்புப் போட்டுட்டு வராதே, ஒயரு தோலு உரிஞ்சிருந்தா மெசினைப் போடாதேன்னு பள்ளிக்கூடத்துப் புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லி அனுப்பியிருக்கறாங்க. பட்டறையே வேலையை நிறுத்திட்டு அவனைப் பாத்துச்சு. நான் கேட்டேன், "ஏன் மாப்ளே, நீ பத்த வெக்க வந்தயா, இல்லை நெலாவுக்குப் போறயா?" எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சானுங்க. நல்ல பையன், கோவமே வராது.

உங்களுக்கு இந்தத் தொழிலு தெரியாது, சொல்றேன் கேளுங்க. ரெண்டு இரும்பைச் சேக்கறதுக்கு முன்னாடி அங்கங்க ஒரு பொட்டு மட்டும் பத்த வெச்சு நிறுத்திக்கோணும். டாக் அடிக்கறதுன்னு சொல்லுவோம். வேகமே அதுலதானுங்க இருக்குது. ஒரு கையில ராடு, ஒரு கையில ஆங்கிள். கையில புடிக்கற மூடின்னா மூணாவது கைக்கு எங்க போறது? தலையில மாட்டற மூடின்னா பொட்டுக்குப் பொட்டு எறக்கி ஏத்திக்கிட்டிருக்கோணும். அப்புறம் வண்டி எப்ப முடியறது? அதனால என்ன பண்றதுன்னா, ராடை எடத்துல வெச்சுட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மூஞ்சியை அக்கட்டால திருப்பிக்கிட்டு ஒரே தட்டு. மூடுன கண்ணுக்குள்ள செவப்பா ஒரு வெளிச்சம் வந்து போகும். முடிஞ்சுது. எங்க ஏரியாவுல அத்தனை பட்டறையிலயும் அப்படித்தானுங்க. லோகுக்கும் நாந்தான் கத்துக் குடுத்தேன். ஒரே வாரத்துல புடிச்சுக்கிட்டான். பூட்ஸை ஆணியில மாட்டுனவன்தான், அப்புறம் எடுக்கவே இல்லை. எனக்கு நெம்பப் பெருமையா இருந்துச்சு.

பாதுகாப்புச் சாமான் எங்கிட்ட இல்லைன்னு நெனச்சுடாதீங்க. எல்லாம் இருக்குது. சிமெண்டு ஏத்தற ஒரு பெரிய கம்பெனிக்கு வண்டி கட்டுனமுங்க. அவங்க ஆபீசரு ஒருத்தரு வந்தாரு, சின்னப் பையன், இஸ்திரி போட்ட சட்டை. ஆளாளுக்கு மூடி, கையுறை, கண்ணாடி, புகை இழுக்கற காத்தாடி, எல்லாம் இருந்தாத்தான் ஆர்டருன்னாரு. சரின்னு வாங்கிப் போட்டேன். அவரு வந்த அன்னிக்கு எல்லாரும் மாட்டிக்கிட்டு வரிசையா நின்னு போட்டோ எடுத்தாங்க. அவரு போனதும் நானே தொடைச்சு, கவருல போட்டு, ஆபீஸ் ரூமுல கண்ணாடி பீரோவுல வெச்சுப் பூட்டுனேன். இவனுங்ககிட்ட குடுத்தா ஒரு மாசத்துல கீறிப் போடுவானுங்க. அப்புறம் அடுத்த தடவை ஆபீசரு வந்தா எதைக் காட்டறது? ஆயுத பூசைக்கு வெளிய எடுத்து, மூடிக்கெல்லாம் கண்ணாடி மேலயே சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, பூ போட்டுக் கும்பிட்டு மறுபடியும் உள்ள வெச்சனுங்க. அவ்வளவு மரியாதையா வெச்சிருக்கறேன். எங்கிட்டப் போயி, பாதுகாப்பு இல்லைன்னு ஆரு சொல்ல முடியும்?

சன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுங்களா? கண்ணுல தண்ணி வருது. காத்துதானுங்க, வேற ஒண்ணுமில்லை.

சரி, விசயத்துக்கு வர்றேன். வெல்டிங் வெளிச்சம் கண்ணுல அடிச்சா, கண்ணடிச்சிருச்சுன்னு சொல்லுவோம், அப்பவே ஒண்ணும் தெரியாதுங்க. பொழுது எறங்கி, சோறு உண்டுட்டுப் படுத்தாத்தான் ஆரம்பிக்கும். கண்ணுக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டாப்பல இருக்கும். தொறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. அதுக்கு எங்க பட்டறைகள்ல மருந்து என்னன்னா தாய்ப்பாலு. ஆமாங்க. பக்கத்துல எந்த ஊட்டுல கைப்புள்ளைக்காரி இருக்கறாளோ அங்க போயி, "அம்மணி, கண்ணுக்குக் கொஞ்சம் பாலு"ன்னு கேப்பாங்க. எந்தப் பொம்பளையும் இல்லைன்னு சொன்னதில்லை. கேக்கறதுல கூச்சமும் இல்லை, குடுக்கறதுல கூச்சமும் இல்லை. ரெண்டு சொட்டு விட்டுட்டுப் படுத்தா மறுநாளு ராடைப் புடிச்சிருவான். சில பேரு உருளைக்கெழங்கை அரிஞ்சு வெப்பாங்க, ஆனா பாலுதான் பாலு. எங்கப்பன் காலத்துல இருந்து நடக்கறது.

தையில எங்களுக்குப் பாப்பா பொறந்துச்சு. சித்திரையில அவளைக் கூட்டிட்டு வந்தேன். ஊடு பட்டறைக்குப் பின்னாடியே. அப்புறம் என்னங்க, ஆருக்குக் கண்ணடிச்சாலும் எங்க ஊட்டுப் பின்வாசலுக்குத்தான் வருவாங்க. பாப்பாவுக்கு மருந்து ஊத்தற பாலாடை இருக்குமுங்களே, மூக்கு வெச்ச சின்ன வெள்ளிக் கிண்ணம், அதுல புடிச்சுக் கதவைத் திறந்து குடுப்பா. மொகம் சுளிச்சதே இல்லை. ஒருதடவை மட்டும் கேட்டா, "ஏனுங்க, தெனமும் ஒருத்தரு வர்றாங்களே, அந்தப் பீரோவுல இருக்கறதைக் குடுத்தா என்ன?" நான் சொன்னேன், "உனக்குப் பாலு சுரக்குது, குடுக்கறே. புண்ணியம். பீரோ விசயம் உனக்கெதுக்கு?" அப்புறம் அவ கேக்கலை.

ஆடியில ஒரு பெரிய ஆர்டருங்க. வண்டி மொதலாளி ஆவணி மொத முகூர்த்தத்துல பூசை போட்டு வண்டியை எடுக்கோணும்னு நாளு குறிச்சுட்டாரு. கழுத்தைப் புடிக்கறாரு. லோகுதான் தொட்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்துப் பத்த வெச்சான். பத்த வெச்ச எடத்து மேல கறுப்பா ஓடு மாதிரி கசடு படியுமுங்க, அதைச் சுத்தியில தட்டித்தான் எடுக்கோணும். மல்லாக்கப் படுத்துத் தட்டுனா எங்க விழும்? மூஞ்சியிலதான் விழும். அன்னிக்குச் சாயங்காலம் கண்ணைக் கசக்கிட்டே வந்தான். "மாமா, உறுத்துது." "அடிச்சிருச்சுடா, அக்காகிட்டப் போய் பாலை விட்டுக்க" அப்படின்னேன். வேற என்ன சொல்லுவேன்? எல்லாத்துக்கும் சொல்றதைத்தானே சொன்னேன்?

தமயந்தி விட்டா. தம்பி தலையை மடியில வெச்சு அவளே விட்டா. மறுநாளும் விட்டா. அதுக்கு மறுநாளு எங்கிட்ட வந்து நின்னா. "ஏனுங்க, எல்லாருக்கும் ரெண்டு கண்ணும்தான செவக்கும்? இவனுக்கு ஒரு கண்ணுதான் செவந்திருக்குது. டாக்டர்கிட்டக் காட்டிரலாமுங்க." எனக்குன்னா வண்டி மொதலாளி போன் மேல போனு. பெயிண்டரு வேற வந்து உக்காந்திருக்கறான். "ஒரு பக்கமா படுத்து வேலை செஞ்சான், ஒரு கண்ணுல அடிச்சிருக்கும். நீ என்ன டாக்டருக்குப் படிச்சயா? பாலை விடு, போ"ன்னு சொன்னேன். கோவமாக்கூடச் சொல்லலைங்க. சாதாரணமாத்தான் சொன்னேன்.

லோகு கைக்குட்டையை அந்தக் கண்ணு மேல கட்டிக்கிட்டு வேலைக்கு வந்துட்டான். நான் வரச் சொல்லலைங்க, சாமி சத்தியமா. அவனா வந்தான். வண்டி நிக்குது, மாமாவுக்குப் பேரு கெட்டுரும்னு வந்தான். அதுதான் ரத்த சம்பந்தம்ங்கறது. "டாக் அடிக்க ஒரு கண்ணே ஜாஸ்தி மாப்ளே, அதையும் மூடிக்கத்தான போறே"ன்னு நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். சிரிச்சானுங்க. அன்னிக்குச் சிரிச்சவன், அதை எதுக்கு அப்புறம் ஊட்டுல போய்ச் சொன்னான்னு எனக்குத் தெரியலை.

வண்டியை முடிச்சு அனுப்புனோம். மொதலாளிக்கு நெம்பச் சந்தோசம். எனக்கு ஒரு சால்வை போத்துனாரு. நான் சந்தோசமா ஊட்டுக்கு வந்து பாத்தா, தமயந்தி தம்பி கண்ணைத் தொறந்து வெச்சுக்கிட்டு அழுகறா. கருவிழி மேல சாமை அரிசி அளவுக்கு வெள்ளையா ஒண்ணு. கண்ணெல்லாம் சீழு. அப்பவே கார் புடிச்சு ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போனனுங்க. ஒரு நிமிசம் யோசிக்கலை. காருக்கு நாந்தான் சொன்னேன், முன்னாடி நாந்தான் உக்காந்தேன். இதையெல்லாம் ஆரு பேசறாங்க?

அங்க ஒரு பொம்பளை டாக்டருங்க. லைட்டை அடிச்சு நெம்ப நேரம் பாத்துச்சு. "என்ன விழுந்துச்சு?" பட்டறையில ஆச்சுன்னு சொன்னா கேசு, விசாரணைன்னு வந்துருவாங்கன்னு எங்க சங்கத்துல சொல்லியிருக்கறாங்க. நான் சொன்னேன், "நெல்லு தூத்தறப்போ உமி விழுந்துருச்சுங்க." லோகு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். "வீட்டுல ஏதாச்சும் மருந்து போட்டீங்களா?" "ஒண்ணும் போடலைங்க மேடம்." அவ்வளவுதான், அதோட முடிஞ்சிருக்கும். புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டு சும்மா நின்னவ வாயைத் தொறந்தா. "பொய்யிங்க. எங்க பட்டறையில இரும்புக் கசடு விழுந்துச்சு. பாலு ஊத்துனோம்." டாக்டரு கேட்டுச்சு, "என்ன பாலு?" "என் பாலுதானுங்க."

அந்த ரூமுல அத்தனை பேரு இருந்தாங்க. கட்டுன புருசனை அத்தனை பேரு முன்னாடி பொய்யனாக்கிட்டாளுங்க. நான் ஆருக்காகப் பொய் சொன்னேன்? பட்டறை போனா ஆருக்குப் போகுது? அவ புள்ளைக்குத்தான போகுது? அது புரியலை அவளுக்கு.

அந்த டாக்டரு என்னைத் திரும்பிப் பாக்கவே இல்லைங்க, அவகிட்டயே பேசுச்சு. கருவிழியில துளி இரும்பு குத்தி உக்காந்திருக்குது, அன்னிக்கே வந்திருந்தா ஊசி முனையில எடுத்திருக்கலாம். வெல்டிங் வெளிச்சம்னா ரெண்டு கண்ணுலயும்தான் அடிக்கும், ஒரு கண்ணு மட்டும் செவந்தா உள்ள ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். பச்சைப் பாலை ஊத்தி, அதுல கிருமி பெருகிப் புண்ணாயிருச்சு. இதைத்தான் சொல்லுச்சு. தமயந்தி ஒரே கேள்விதான் கேட்டா. "நான் ஊத்தாம இருந்திருந்தாக் கண்ணு நின்னிருக்குமுங்களா?" அந்த டாக்டருக்கு நாக்குல ஒரு ஈரம் வேண்டாமுங்களா? இல்லைம்மா, அப்படியெல்லாம் இல்லைன்னு சொல்லியிருக்கலாமில்லை? பேசாம எழுதிக்கிட்டே இருந்துச்சு.

கோயமுத்தூரு வரைக்கும் கொண்டு போனோம். என்னென்னமோ பண்ணுனாங்க. கண்ணு நிக்கலைங்க. பாக்க இருக்குது, பார்வை இல்லை. வெள்ளை விழுந்து போச்சு.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்க முடியலை. ஆஸ்பத்திரியிலயே அவ புள்ளைக்குப் பாலு குடுக்கறதை நிறுத்திட்டா. புள்ளை கத்துது. இவ பாத்ரூமுக்குப் போயி, கதவைச் சாத்திக்கிட்டு, பாலை வாஸ்பேசன்ல பீச்சி விடறா. நான் வெளிய நின்னு கதவைத் தட்டறேன். "தமயந்தி, பாப்பா அழுகறா"ன்னு. உள்ள இருந்து சொல்றா, "இது விசமுங்க, என் புள்ளைக்கு வேண்டாம்." நர்ஸம்மா சொன்னாங்க, கண்ணுல ஊத்துனாத்தான் தப்பு, வயித்துக்கு அமிர்தம்னு. கேக்கமாட்டேங்கறா. பாப்பாவுக்குப் புட்டிப்பாலு ஒத்துக்கலை, வயித்தால போச்சு, எளைச்சுப் போச்சு. பதினஞ்சு நாளுல இவளுக்கும் பாலு வத்திருச்சு. நான் எத்தனை பேருகிட்டச் சொல்லுவேன், ஒரு தாயி பண்ற காரியமா இது? பாலு என்னங்க பண்ணுச்சு? விதி அது. விதிக்கு நாம பொறுப்பா?

ஊருக்குப் போறேன்னா. தம்பியையும் கூட்டிக்கிட்டா. நானே பஸ் ஏத்தி விட்டேன், ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டும்னு.

லோகு எம்மேல ஒரு கோவமும் வெச்சுக்கலைங்க, அதைச் சொல்லோணும். போன தடவை போனப்போ வாசல்ல அவன்தான் காப்பி கொண்டு வந்து குடுத்தான். டம்ளரை எங்கையில குடுக்கறேன்னு, எங்கைக்கு இந்தப் பக்கமா நீட்டுனான். காப்பி வேட்டியில ஊத்திருச்சு. ஒத்தைக் கண்ணுல தூரம் தெரியாதாமா. "மாமா, சுட்டுருச்சா மாமா"ன்னு பதறிட்டான். எனக்கு நெஞ்சு கலங்கிப் போச்சுங்க, நெசமா. அப்பத்தான் யோசனை பண்ணுனேன். இவனை இப்படியே உட்டா இவன் வாழ்க்கை என்னாகறது? ஆயுத பூசைக்குள்ள முடிக்கோணும்னு ரெண்டு வண்டி நிக்குது. லோகு கை ஆருக்கும் வராதுங்க. இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்குது? அக்கா தம்பி ரெண்டு பேத்தையும் கூட்டிட்டு வந்து, பழையபடி மாடியில வெச்சு, பழையபடி சோறு போட்டு, பழையபடி வேலையும் குடுத்துட்டா அவன் மனசும் தேறும், இவ மனசும் தேறும். மாமனாருக்கும் மரியாதை. இதைச் சொல்லத்தான் இன்னிக்குப் போறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்னங்க பண்ண முடியும்?

நேத்துப் போன்ல சொன்னேன் அவகிட்ட. "லோகும் வரட்டும், அவனுக்கு ஒரு கொறையும் வெக்கமாட்டேன்"னு. அந்தப் பக்கம் பாப்பா மட்டும் ஏதோ மழலை பேசிட்டிருந்தது கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணு கேட்டா. அதை விடுங்க, அது வேண்டாம்.

என்னங்க கேட்டீங்க? எனக்குக் கண்ணடிச்சா என்ன பண்ணுவேன்னுங்களா?

பாருங்க, நீங்களும் அதையே கேக்கறீங்க. ஆருன்னே தெரியாத ஆளு நீங்க. அவளும் அதைத்தானுங்க கேட்டா.

அடிச்சுதுங்க. எனக்கு அடிக்காதா என்ன? இந்த வைகாசியிலதான். இரும்புக் கேட்டு ஒண்ணுக்கு வேகமாப் பத்த வெச்சேன், ரெண்டு கண்ணும் போச்சு. படுக்க முடியாமப் பொரண்டேன். தமயந்திதான் எந்திரிச்சு, புள்ளையை எறக்கி உட்டுட்டு, பாலைப் புடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. "கண்ணைக் காட்டுங்க"ன்னா. நான் வேண்டாம்னுட்டேன். லோகை எழுப்பி வண்டியை எடுக்கச் சொல்லி, ஈரோட்டுல டாக்டரு ஊட்டுக்கே போயிக் கதவைத் தட்டிட்டேன். சொட்டு மருந்து குடுத்தாரு, கட்டுப் போட்டாரு, ரெண்டே நாளுல சரியாயிருச்சு. வண்டி ஓட்டிட்டு வந்தது, கையைப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனது எல்லாம் லோகுதான். நானென்ன இல்லைங்கறனா?

நான் மொதலாளிங்க. எங்கண்ணு போச்சுன்னா அத்தனை குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். அதையும் பாக்கோணுமில்லை?

அன்னிக்கு அவ பாலோட நின்னப்போ நான் என்ன சொன்னேனாம், அதை நேத்து ஒரு எழுத்து மாறாம எங்கிட்டத் திருப்பிச் சொல்றா. "அக்கட்டால கொண்டு போ புள்ளை, இது கண்ணு விசயம், கண்டதை ஊத்தி வெளையாடக் கூடாது." இதைத்தான் சொன்னனுங்க. சரியான பேச்சுத்தானுங்களே அது? அதைச் சொல்லிச் சொல்லி அவ எதுக்குங்க அப்படி அழுகோணும்?